ராம்ப் இருந்த இடம்

மந்தைவெளியில் எங்கள் தெருவில் காருக்கு ராம்ப் இல்லாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. ரோடு போடுகிறவர்கள் ரோட்டை உயர்த்துவார்கள், வீடு கட்டுகிறவர்கள் அதற்கு மேல் உயர்த்துவார்கள். நடுவில் இருக்கும் நடைபாதையை விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு கேட்டிலிருந்தும் ஒரு சிமென்ட் சரிவு தெருவுக்கு இறங்கும். கார் நோகாமல் ஏறி நோகாமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, மீட்டிங் போடுவதில்லை. ஒரு மனுஷி சக்கர நாற்காலியில் ஏறி இறங்குவதற்குத்தான் சட்டம், பிளான், அதிகாரி, அசோசியேஷன் எல்லாம் வேண்டியிருந்தது. அத்தனையும் இருந்தும் நடக்கவில்லை.  

அந்த மனுஷி என் அக்கா. குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு காலும் போயின. அப்போது நான் பிறந்திருக்கவில்லை. நடந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை, அதற்காகப் பரிதாபப்பட்டதும் இல்லை. பரிதாபப்பட அவள் இடம் கொடுத்தால்தானே! அரசாங்க ஆபீஸ் ஒன்றில் முழு சர்வீஸ் போட்டு ஓய்வு பெற்றவள். பின்பக்கம் கூடுதலாக இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. மண வாழ்க்கை எனக்குச் சரிப்படாமல் பெட்டியோடு நான் வந்து நின்றபோது, "வந்துட்டியா, சரி, டிபன் சாப்பிடு" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அன்று முதல் ஒரே வீடு.

வீடு என்றால் பழைய அடுக்குமாடி, தரைத்தளம். காலையில் குளித்து முடித்ததும் அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள். கேட்டருகே நிற்கும் ஸ்கூட்டருக்குக் கையை ஊன்றித் தானே மாறுவாள், பையை முன்னால் மாட்டுவாள், கிளம்பிவிடுவாள். மார்க்கெட்டில் வண்டியை விட்டு இறங்காமலே பேரம் பேசுவாள். வாழைப்பூக்காரர் பூவை அவள் மடியில் கொண்டுவந்து வைத்துத் திட்டு வாங்கிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டினப்பாக்கம். அங்கே மீன் விற்கும் அம்மா ஒருத்தி அவளுக்கென்று வஞ்சிரத்தை எடுத்து வைத்திருப்பாள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, முகர்ந்து பார்த்து, "நேத்து மீனை எந்தலையில கட்டாதே" என்பாள் அக்கா. "உன் கண்ணுக்கு எதுனா தப்புமாக்கா" என்று சிரிப்பாள் அந்த அம்மா. நானும் கூடப் போனால், "நீ எதுக்குடீ, நான் என்ன குழந்தையா?" என்று எரிந்து விழுவாள். தனியாகப் போய்த் தனியாக வருவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

தரைத்தளத்துக்கு ஒரு கஷ்டம், வெள்ளம். பெரிய மழை வந்த வருஷம் தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு வந்துவிட்டது. மாடியில் குடியிருந்த ஒருவர், இன்றைக்கு எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அக்காவைத் தன் முதுகில் ஏற்றி மேலே கொண்டுபோனார். தண்ணீர் வடிகிற வரை அவர் வீட்டில்தான் இருந்தோம். அவர் மனைவி எங்களுக்குச் சோறு போட்டார். நல்ல மனுஷர் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கட்டிடம் பழசாகிப் போய், கூரை பெயர்ந்து விழ ஆரம்பித்ததும் இடித்துக் கட்டலாம் என்று பில்டர் ஒருவரைப் பிடித்தார்கள். கீழே முழுக்கக் கார் நிறுத்த, வீடுகள் எல்லாம் அதற்கு மேலே. எங்களுக்கு முதல் மாடி. எல்லாரும் கிச்சன் மேடைக்கு என்ன கல், பால்கனிக்கு என்ன கம்பி என்று கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் அக்கா கையைத் தூக்கினாள்.

"டைல்ஸ் எந்தக் கலர் வேணாலும் போடுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் யார் கையையும் எதிர்பார்க்காம வெளிய போய் வரணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். "புதுசாக் கட்டற பில்டிங்ல ராம்ப் இல்லாம சர்ட்டிபிகேட்டே தர மாட்டாங்க மேடம், கவலையே படாதீங்க" என்றார் பில்டரின் இன்ஜினியர். பிளானில் ராம்ப் இருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். மழைத்தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் போகாமல் இருக்க லிஃப்ட் வாசலை மூன்று படி உயரத்தில் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, முதலில் சரி என்று சொன்னவளே அக்காதான். வெள்ளம் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? ராம்ப்தான் இருக்கப் போகிறதே, மூன்று படி என்ன, முப்பது படி என்ன.

கட்டி முடிகிற வரை கொட்டிவாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அங்கிருந்து ஸ்கூட்டரில் வாரம் தவறாமல் வந்து கட்டிடத்தை மேற்பார்த்தாள். பாத்ரூம் கதவை அகலமாக வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். வாசலுக்கு நிலை வைக்கிற நாளில்தான் தகராறு. மஞ்சள் குங்குமம் பூசிய நிலைக்கு அடியில் உயரமாக ஒரு மரக்கட்டை, நாற்காலி ஏறவே ஏறாது. அதை எடுங்கள் என்றாள்.

"அது இல்லாம நிலை வைக்கக் கூடாது மேடம். வீட்டுக்கு லட்சுமி வர்ற இடம்" என்றார் இன்ஜினியர்.

"லட்சுமிக்குக் கால் இருக்கு, தாண்டி வருவா. எனக்கு இல்லை. தரையோட தரையா வை. வர்ற லட்சுமிக்கும் வயசாகுதில்ல?"

ஆசாரி சிரித்துவிட்டார். பூஜைக்கு ஒரு குறையும் வைக்காமல் கட்டையைத் தரை மட்டத்துக்குப் புதைத்துக் கொடுத்தார். அன்றைக்குத் திரும்பி வரும்போது அக்கா ராணி மாதிரி வந்தாள். வீட்டை ஜெயித்துவிட்டதாகத்தான் இரண்டு பேரும் நினைத்தோம்.

கட்டிடத்தைப் பார்த்து சர்ட்டிபிகேட் கொடுக்க ஆபீசர் வருகிற நாளுக்கு முன்தினம் இன்ஜினியர் போன் செய்தார். "மேடம், நாளைக்கு நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமா? ராம்ப்ல நீங்க ஏறுற மாதிரி ஒரு போட்டோ எடுத்தா நல்லா இருக்கும்." அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னால் ஒரு காரியம் ஆகிறது என்றால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள், என்னைப் பூ வாங்கி வரச் சொன்னாள். பொண்ணு பார்க்க வர்றாங்களா என்று நான் கேலி செய்தேன். "பார்க்கட்டுமே, எனக்கென்ன குறைச்சல்" என்றாள்.

சுவரை ஒட்டி நீளமாக, வழுக்காத கல் பதித்து, பக்கத்தில் எவர்சில்வர் கைப்பிடி வைத்து அந்த ராம்ப் அவ்வளவு அழகாக இருந்தது. அக்கா சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்காமல் மேலே போனாள். லிஃப்ட் பட்டனை அமுக்கினாள். இன்ஜினியர் வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை ஏறச் சொன்னார். அவள் இறங்கித் திரும்பவும் ஏறினாள். கேட்டிருந்தால் நாள் முழுக்க ஏறி இறங்கியிருப்பாள். ஆபீசர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் போட்டோவை இன்ஜினியர் எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கைப்பிடியில் ஒரு கை, சக்கரத்தில் ஒரு கை, பல் தெரியச் சிரிக்கிறாள் அக்கா.

சர்ட்டிபிகேட் வந்தது. நல்ல நாள் பார்த்துச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினோம். ராம்ப் இல்லை.

முதலில் வேறு கட்டிடத்துக்கு வந்துவிட்டோமோ என்றுதான் பார்த்தேன். சுவர் ஓரமாக மஞ்சள் கோடு போட்டு, நடுவில் வீட்டு எண் எழுதி, பளபளவென்று ஒரு புது கார் நின்றது. காருக்கு அந்தப் பக்கம் மூன்று படி, படிக்கு மேல் லிஃப்ட். சுவரில் கைப்பிடி இருந்த ஓட்டைகளைக்கூட சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார்கள். புதிதாக வந்திருந்த வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"ராம்ப்பா? அத்த அப்பவே இட்ச்சிட்டாங்கமா. எல்லா பில்டிங்லயும் அப்டிதான். ஆபீசர் பாக்கறதுக்குக் கட்டுவாங்கோ, சர்ட்டிபிகேட் வந்தா இட்ச்சிருவாங்கோ. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஊருக்கே தெரிந்த வழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று. போனில் இன்ஜினியர், "அது சர்ட்டிபிகேட்டுக்குப் போட்டது மேடம்" என்றார், கல்யாண வாசலில் கட்டின வாழைமரத்தை அவிழ்த்ததைச் சொல்வது போல. நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு லாரியில் வந்த ஆட்கள்தான் பீரோ, கட்டிலோடு அக்காவையும் நாற்காலியோடு தூக்கிப் படி ஏற்றினார்கள். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சொந்த வீட்டுக்குள் முதல் முறையாக அப்படித்தான் போனாள்.

அந்தக் கார் வேறு யாருடையதும் இல்லை, செக்ரட்டரியுடையது. ஆளுக்கு ஒரு கார் இடம் என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுத்த பில்டர், ராம்ப் இருந்த இடத்தை அவர் தலையில் கட்டிவிட்டார். மீட்டிங் போட்டோம். செக்ரட்டரி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான் மட்டும் காரை எங்க நிறுத்தறது, சொல்லுங்க. ரோட்டுல விட்டா கோடு கிழிச்சிட்டுப் போறாங்க. உங்களுக்கு வெளிய போகணும்னா ஒரு போன் பண்ணுங்க. நான் இருக்கேன், வாட்ச்மேன் இருக்கான். மூணே படி, தூக்கிடலாம். எந்நேரம்னாலும் வரேன்."

மனசாரத்தான் சொன்னார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளத்துல நீங்க என்னைத் தூக்கினீங்க சார். உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா வெள்ளந்தான் வடிஞ்சு போச்சே சார்."

 ராம்ப் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது எங்கள் இருவரைத் தவிர யாரும் தூக்கவில்லை. ராம்ப்பைத் திரும்பக் கட்டினால் ஒரு கார் இடம் போகும், நாளைக்கு வீட்டை விற்க வாடகைக்கு விட இடைஞ்சல், யாருடைய இடம் போவது என்று சண்டை வரும். கலைந்து போகும்போது ஒவ்வொருவரும் அக்காவின் தோளைத் தொட்டு, "எந்த உதவின்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் தோளைத் தொட்டார்களே, அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

வாட்ச்மேன் எங்கிருந்தோ கட்டிட வேலையில் மிஞ்சிய ஒரு சென்ட்ரிங் பலகையைத் தூக்கி வந்து படிமேல் சாய்த்துப் பார்த்தான். கார் நிற்பதால் பலகையை நீளமாகப் போட வழியில்லை. செங்குத்தாக நின்றது. பின்னாலிருந்து நான் தள்ள, நாற்காலி மல்லாந்து என்மேல் சரிந்தது. நான் கார்மேல் விழுந்தேன். அக்காவின் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. மறுநாள் அந்தக் காருக்குத் தடித்த கவர் ஒன்று வாங்கிப் போட்டார்கள்.

அனுமதி கொடுத்த ஆபீசுக்கு நானே போனேன். அலைக்கழித்து அலைக்கழித்துக் கடைசியில் ஒருவர் கம்ப்யூட்டரில் எங்கள் கட்டிடத்தைத் திறந்தார். திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராம்ப் இல்லைன்னு சொல்றீங்க. இதோ இருக்கே. ஒரு லேடி வேற வீல்சேர்ல ஏறிட்டிருக்காங்க."

"அது என் அக்கா சார்."

"அப்புறம் என்னம்மா?" என்றார்.

இடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள், ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார். எழுதிக் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல்தான். அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் அந்த ஆள் காட்டிய போட்டோவைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டுவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "பட்டுப்புடவை வேற கட்டிக்கிட்டுப் போனேன்" என்றாள்.

முதலில் கொஞ்ச நாள் தூக்கச் சொல்லிப் போய் வந்தாள். ஆம்பளை இரண்டு பேர் தூக்குகிறபோது புடவை விலகும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். தினமும் ஒரு சந்தோஷத்துக்காக யாரை எழுப்புவது? வாட்ச்மேன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், செக்ரட்டரிக்கு முதுகு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு, பேங்குக்கு என்று காரணம் இருந்தால்தான் கூப்பிடத் தோன்றும். வாழைப்பூ வாங்குவதற்குக் கூப்பிட முடியுமா? "போன்ல சொன்னா எல்லாம் வீட்டுக்கே வருது, எதுக்குடீ வெளிய போகணும்" என்று ஆரம்பித்தாள். கோபம் வந்து நான் கத்துவேன். திருப்பிக் கத்தக்கூட மாட்டாள். என்னோடு வாழ்நாள் முழுக்கச் சரிக்குச் சரி சண்டை போட்டவள் அவள். ஸ்கூட்டர் கீழே மூலையில் புழுதி ஏறி நின்றது. அதன் சீட்டில் யாரோ குழந்தை சைக்கிளை ஏற்றி வைத்திருந்தார்கள்.

நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்குப் புண் வரும். டாக்டர் எப்போதோ சொன்னதுதான். ஸ்கூட்டருக்கு மாறுவதும் திரும்பி வருவதுமாக இருந்த உடம்பு, அதனால் அதுவரை வந்ததில்லை. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரை அங்கேயேதான். புண் வந்தது. எனக்குக் காட்டவில்லை. அவளே குளித்து அவளே உடுத்துகிறவள், நான் எப்படிப் பார்ப்பேன். காய்ச்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"இன்னிக்கு வாட்ச்மேன் லீவு. செக்ரட்டரி முதுகு வலியோட எங்கே தூக்குவார்? நாளைக்குப் பார்த்துக்கலாம்டீ."

மறுநாளும் ஏதோ ஒன்று. மூன்று படிக்குப் பயந்துகொண்டு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நான் யாரையும் கேட்காமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். லிஃப்டுக்குள் அவர்கள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. போர்வையில் வாரிச் சுருட்டி இறக்கினார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கேயே போய்விட்டாள்.

வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கேட்டில் வண்டி நின்றதுமே செக்ரட்டரி ஓடி வந்தார். அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது.

"மேல கொண்டு போக வேணாம்மா. ஐஸ் பெட்டி லிஃப்ட்ல போகாது. எல்லாரும் வந்து பார்க்கறதுக்கும் கீழதான் சௌகரியம். இருங்க, நான் காரை எடுத்துடறேன்."

கவரை உருவினார், காரைத் தெருவில் கொண்டுபோய் விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யாரும் மீட்டிங் போடவில்லை, யாரும் கை தூக்கவில்லை. இடம் பளிச்சென்று காலியாக இருந்தது. வாட்ச்மேன் தண்ணீர் விட்டுக் கழுவினான். மஞ்சள் கோட்டுக்கு நடுவில் ஐஸ் பெட்டியை வைத்து அக்காவைப் படுக்க வைத்தார்கள்.

தலைமாட்டில் விளக்கேற்றி வைக்கப் போட்டோ வேண்டும் என்றார்கள். என் போனில் தேடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அவள் போட்டோ எடுக்க விட்டதே இல்லை. முகம் முழுக்கத் தெரிகிற படம், ராம்ப்பில் ஏறியபோது எடுத்த அது ஒன்றுதான் இருந்தது. ஸ்டூடியோக்காரர், "கீழ வீல்சேர், கம்பி எல்லாம் தெரியுது, முகம் மட்டும் வெட்டி எடுத்துடவா?" என்று கேட்டார். ஒன்றையும் வெட்டாதீர்கள், பெரிசாகப் போடுங்கள் என்றேன்.

சேதி எப்படியோ பட்டினப்பாக்கம் வரை போய், மத்தியானம் அந்த மீன்கார அம்மா வந்தாள். கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைக் குனிந்து பார்த்து அழுதாள். பிறகு போட்டோவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதிரே நாற்காலிகளில் கட்டிடத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செக்ரட்டரி கார் சாவியைக் கையில் வைத்தபடி தூணோரம் நின்றார்.

"எப்டி சிரிச்சினு கீது பாரு எங்கக்கா. சறுக்குல ஜம்முனு ஏறினு கீதே, எந்த எடத்துலம்மா எடுத்தது இது?"

"இங்கதான்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், லிஃப்டைப் பார்த்தாள்.

"இங்க ஏதும்மா? இங்க படிதானே கீது."